அறிந்தோர் மௌனம்

1982ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள் இரவு, கோலாலம்பூர் சுபாங் விமான நிலையத்திலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரை நோக்கிப் புறப்பட்டது பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 747 விமானம் ஒன்று. இலண்டனில் தொடங்கி, பம்பாய், சென்னை, கோலாலம்பூர் ஆகிய நகர்களைத் தொட்டு நியூசிலாந்து வரை செல்லவேண்டிய பயணம் அது. ஜாவாத் தீவின் மேலே பறக்கையில், கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பல் மேகத்துள் அவ்விமானம் அறியாமல் புகுந்தது. இருளில் சாம்பலைக் கண் காணவில்லை. ஈரத்தை மட்டுமே காட்டவல்ல வானிலைக் கருவியும் காட்டவில்லை. சில நிமிடங்களுக்குள் நான்கு இயந்திரங்களும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுபோயின. 37,000 அடி உயரத்தில் 263 உயிர்களைச் சுமந்துகொண்டு, ஒலியற்ற பெரும் பறவையாக அது கீழிறங்கலாயிற்று.

தலைமை விமானி எரிக் மூடி பயணிகளிடம் எதையும் மறைக்கவில்லை. நான்கு இயந்திரங்களும் நின்றுவிட்டன என்பதையும், அவற்றை மீண்டும் இயக்கத் தாமும் தம் துணைவர்களும் இயன்றதனைத்தும் செய்துவருவதையும் அமைதியாக அறிவித்தார். விமானியறையில் இருந்த மூவரும் இயக்குமுறையைத் திரும்பத் திரும்பச் செய்தனர். ஏறத்தாழ 13,000 அடிக்கு இறங்கிய பிறகு, சாம்பலைக் கடந்த தூய காற்றில் ஓர் இயந்திரம் உயிர்பெற்றது, மற்றவையும் தொடர்ந்தன. சாம்பல் உராய்ந்து மங்கிப்போன கண்ணாடியின் வழியே வெளியே பார்க்க முடியாத நிலையிலும் அவர்கள் ஜகார்த்தாவில் தரையிறங்கினர். ஒருவரும் உயிரிழக்கவில்லை.

இந்நிகழ்ச்சியை மாணவர்க்குச் சொல்லாத ஆசிரியர் நம்மிடையே குறைவு. துணிவு, விடாமுயற்சி, கடமையுணர்வு எனப் பல பாடங்களை இதிலிருந்து எடுக்கலாம். யானும் பல்லாண்டு எடுத்திருக்கிறேன். ஆனால் இதனோடு வேறொரு நிகழ்ச்சியைச் சேர்த்துப் படித்த நாள்முதல் என் மனம் வேறொரு வினாவில் சிக்கிக் கிடக்கிறது. நான்கு இயந்திரங்களும் நின்ற விமானத்தில் அனைவரும் பிழைத்தனர். ஒரே ஓர் இயந்திரம் பழுதுபட்ட மற்றொரு விமானத்தில் 47 பேர் மாண்டனர். அந்த விமானமோ, மிஞ்சிய ஓர் இயந்திரத்தைக் கொண்டே பறந்து பத்திரமாக இறங்கவல்லது. அவ்வாறிருக்க, அவர்கள் மாண்டது எதனால்?

1989ஆம் ஆண்டு ஜனவரி 8ஆம் நாள் மாலை, இலண்டன் ஹீத்ரோவிலிருந்து வட அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகருக்குப் புறப்பட்டது பிரிட்டிஷ் மிட்லண்ட் நிறுவனத்தின் போயிங் 737 விமானம். அதில் 118 பயணிகளும் 8 பணியாளரும் இருந்தனர். 28,000 அடிக்குமேல் ஏறிக்கொண்டிருந்தபோது, இடப்பக்க இயந்திரத்தின் விசிறித் தகடுகளுள் ஒன்று முறிந்தது. விமானம் அதிர்ந்தது. புகை நாற்றம் விமானியறைக்குள் வந்தது. எந்த இயந்திரம் என்று தலைமை விமானி கேட்டார். துணை விமானி இடம் என்று சொல்லத் தொடங்கி, சொல் முடியுமுன்னரே வலம் என்று மாற்றினார். தலைமை விமானிக்கும் வலம் என்பதே பொருத்தமாகப் பட்டது. அவர் பழகிய முந்தைய வகை விமானங்களில் பயணிகள் பகுதிக்குச் செல்லும் காற்று பெரும்பாலும் வலப்பக்க இயந்திரத்திலிருந்து வருவது. புகை அங்கே தெரிகிறது எனின் பழுது வலத்தில்தான் இருக்கவேண்டும் என்று அவர் கணித்தார். புதிய வகையில் அவ்வமைப்பு மாறியிருந்தது. அதிர்வைக் காட்டும் கருவி ஒன்றும் அவர்கள் முன்னே இருந்தது. ஆயினும் பழைய விமானங்களில் அது நம்பத்தகாதது எனப் பெயர் பெற்றிருந்தமையால் அதனை ஒருவரும் பொருட்படுத்தவில்லை.

வலப்பக்க இயந்திரத்தின் விசை குறைக்கப்பட்டது. பின்னர் அது நிறுத்தவும் பட்டது. அவர்கள் நிறுத்தியது நல்ல இயந்திரத்தை. ஊழின் விளையாட்டு என்றே சொல்லத் தோன்றுகிறது: விசையைத் தானே சீர்செய்யும் கருவியை விடுவித்ததும், பழுதுபட்ட இடப்பக்க இயந்திரத்திற்குச் செல்லும் எரிபொருளும் குறைந்தது, அதிர்வும் புகையும் தணிந்தன. செய்தது சரி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? தவறு செய்தவனுக்கு உடனே தண்டனை கிடைத்தால் அவன் திருந்திக்கொள்வான். தவற்றுக்குப் பரிசு கிடைத்தால் யார்தான் திருந்துவார்?

இதன்பின் நிகழ்ந்ததே நம் ஆராய்ச்சிக்குரியது. தலைமை விமானி ஒலிபெருக்கியில் பயணிகளிடம் பேசினார். வலப்பக்க இயந்திரத்தில் கோளாறு ஏற்பட்டுப் புகை வந்ததாகவும், அதனை நிறுத்திவிட்டதாகவும், சற்று நேரத்தில் கிழக்கு மிட்லண்ட்ஸ் விமான நிலையத்தில் இறங்கவிருப்பதாகவும் அறிவித்தார். அவர் மறைத்துப் பேசவில்லை. தாம் அறிந்ததைச் சொன்னார். அதே நேரத்தில், விமானத்தின் பின்பகுதியில் அமர்ந்திருந்த பலர் இடப்பக்க இயந்திரத்திலிருந்து தீப்பொறி பறந்ததைத் தம் கண்ணாற் கண்டிருந்தனர். அறிவிப்பைக் கேட்டு வியந்தனர், குழம்பினர். பின்பகுதியில் இருந்த பணியாளர் மூவரும் தீயின் அறிகுறியைக் கண்டிருந்தனர். ஆனால் அறிவிப்பில் வந்த வலம் என்னும் சொல் அவர்கள் மனத்தில் பதியவில்லை. கண்டவருள் சிலர் கேட்கவில்லை. கண்டும் கேட்டும் இருந்தவர் பேசவில்லை. விமானியறைக்கும் அவர்களுக்கும் இடையே இருந்தது ஒரு கதவுதான்.

தலைமை விமானியின் மனத்திலும் ஐயம் ஒருமுறை எழுந்தது. என்னென்ன அறிகுறிகளை நாம் உண்மையில் கண்டோம் என்று துணைவருடன் மீண்டும் எண்ணிப்பார்க்கத் தொடங்கினார். அவ்வேளையில் வானொலி அழைத்தது, அதற்கு விடை சொல்லவேண்டியிருந்தது, ஆராய்ச்சி அறுந்தது. இறங்கும் நேரத்தில் விசையைக் கூட்டியதும், நைந்துபோயிருந்த இடப்பக்க இயந்திரம் முற்றிலும் கைவிட்டது. ஓடுபாதையை எட்ட ஏறத்தாழ அரை மைல் இருக்கையில், கெக்வொர்த் என்னும் ஊரருகே நெடுஞ்சாலையின் கரையில் விமானம் மோதியது. முதல் அதிர்வுக்கும் அந்த மோதலுக்கும் இடையே ஏறத்தாழ இருபது நிமிடங்கள் கழிந்திருந்தன. இருபது நிமிடம் சிறு பொழுதன்று. ஒருவர் எழுந்து சென்று ஒரு வாக்கியம் சொல்வதற்கு அரை நிமிடம் போதும்.

அவர்கள் ஏன் சொல்லவில்லை? கோழைகள் என்று ஒதுக்குவது எளிது, நேர்மையாகாது. அந்த இருக்கையில் யான் அமர்ந்திருந்தால் என்ன எண்ணியிருப்பேன் என்று பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். "அவர் கற்றவர், கருவிகள் அவர் முன்னே உள்ளன, சன்னல் வழியே ஏதோ கண்டேன் என்று நான் போய்ச் சொல்வதா? ஒருவேளை விமானத்தின் வலம் என்பது வேறு வகையில் எண்ணப்படுகிறதோ? எனக்குத் தெரிந்தது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?" இப்படித்தான் எண்ணியிருப்பேன். இது அச்சமன்று, நம்பிக்கை. நம் சமுதாயத்தில் இதனை அடக்கம் என்றும் போற்றுவோம். பெரியோர் பேசும்போது குறுக்கே பேசாதிருத்தல், ஆசானின் சொல்லை ஐயுறாதிருத்தல், அறிந்தும் அறியாதான்போல் அமைந்திருத்தல் ஆகியவை நாம் நம் பிள்ளைகளுக்கு ஊட்டி வளர்க்கும் பண்புகள். அவை பண்புகள் அல்ல என்று யான் சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு பண்பு எவ்விடத்தில் தன் எல்லையைக் கடந்து தீமையாகிறது என்பதை அறிவது எப்படி?

விமானத் துறையினர் இவ்வினாவைக் கெக்வொர்த்துக்கு முன்னரே எதிர்கொண்டவர்கள். 1977ஆம் ஆண்டு மார்ச் 27ஆம் நாள், டெனெரிப் தீவில் மூடுபனிக்கிடையே இரண்டு பெரிய விமானங்கள் ஒரே ஓடுபாதையில் மோதி 583 பேர் மாண்டனர். உத்தரவு கிடைக்குமுன் விரையத் தொடங்கிய விமானத்தின் தலைவர், அந்நிறுவனத்தின் மூத்த பயிற்றுநர். எதிரே உள்ள விமானம் இன்னும் பாதையை விட்டு விலகவில்லையோ என்று இயந்திரப் பொறியாளர் தயங்கித் தயங்கிக் கேட்டார். விலகிவிட்டது என்று தலைவர் அழுத்தமாகச் சொன்னதும் அடங்கிவிட்டார். அவர் அறிந்திருந்தார், கேட்கவும் கேட்டார், மறுமுறை கேட்கத்தான் நா எழவில்லை.

இதற்குப் பின்னரே ஒரு புதிய பயிற்சி தோன்றியது. விமானம் செலுத்துவதில் கைத்திறனோடு, பக்கத்தில் இருப்பவன் அறிந்ததையும் தன் அறிவாக்கிக் கொள்ளும் திறனும் வேண்டும் என்பது அதன் உட்பொருள். 1979இல் அமெரிக்காவில் அறிஞர் கூடி இதனை ஆராய்ந்தனர். 1981 முதல் விமான நிறுவனங்கள் இதனைப் பாடமாகக் கற்பிக்கத் தொடங்கின. இன்று இரட்டை இயந்திர விமானத்தில் ஒன்று பழுதுபட்டால் விமானிகள் நடந்துகொள்ளும் முறையை நோக்கினால், அப்பாடத்தின் சாரம் விளங்கும். முதலில் விமானத்தை நிலைகுலையாமல் பறக்கச் செய்வர். மற்றெதற்கும் அவசரப்படார். ஒருவர் விமானத்தைச் செலுத்த, மற்றவர் அறிகுறிகளைப் படிப்பார். பழுதுபட்டது இன்ன இயந்திரம் என்று ஒருவர் பெயர் சொல்லி, அதற்குரிய கைப்பிடியில் கைவைத்து நிற்பார். மற்றவர் தாமே தனியாகப் பார்த்து, ஆம் என்று உறுதிசெய்த பின்னரே அது இழுக்கப்படும். முப்பதாண்டு பழகியவருக்கும் இதுவே விதி. நேற்று வந்தவருக்கும் இதுவே விதி. மூத்தவரின் கை, இளையவரின் வாய்ச்சொல்லுக்காகக் காத்திருக்கிறது. இது மூத்தவருக்கு இழிவு என்று கருதுவார் எவரேனும் உண்டோ?

விதி உண்டானதாலேயே மனிதன் மாறிவிடுவதில்லை என்பதற்கும் சான்று உண்டு. 2015ஆம் ஆண்டு பிப்ரவரி 4ஆம் நாள், தைப்பே நகரில் புறப்பட்ட டிரான்ஸ்ஏசியா விமானத்தில் வலப்பக்க இயந்திரம் விசை இழந்தது. தலைமை விமானி இடப்பக்கக் கைப்பிடியைக் குறைக்கப்போவதாகச் சொன்னார். பொறுங்கள், சரிபார்ப்போம் என்ற பொருள்படத் துணை விமானி கூறினார். சொல்லவேண்டியதைச் சொல்லவேண்டிய நொடியில் அவர் சொல்லியே விட்டார். ஆனால் கை சொல்லை முந்திவிட்டது. விமானம் ஆற்றில் விழுந்தது; 58 பேரில் 43 பேர் மாண்டனர். இதனைப் படிக்கும்போது, சொல்லாதவன்மேல் முழுப்பழியையும் சுமத்த என் மனம் ஒப்பவில்லை. பேசுவோன் ஒருவன் இருந்தால் மட்டும் போதாது. அவன் பேசி முடிக்கும்வரை நிற்கும் கை ஒன்றும் வேண்டும்.

வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்னும் அதிகாரத்தில், கடிந்துரைப்பார் துணையில்லாத மன்னனுக்குப் பகைவரே வேண்டியதில்லை, அவன் தானே கெடுவான் என்ற கருத்தை வைத்தார். அதனை நாம் அமைச்சர்க்குரிய அறிவுரையாகவே விளக்கிவருகிறோம். உற்று நோக்கின் அது மன்னனுக்குச் சொன்னது. கடிந்துரைப்பாரைத் தேடி வைத்துக்கொள்ளும் கடமை அரியணையில் இருப்பவனுடையது.

அத்தகைய தலைவர் இருவரைச் சொல்லலாம். கெக்வொர்த் விபத்து நேர்ந்த அதே 1989ஆம் ஆண்டில், ஜூலை 19ஆம் நாள், அமெரிக்காவில் யுனைடெட் நிறுவனத்தின் விமானம் ஒன்றில் வாலில் இருந்த இயந்திரம் சிதறியது. விமானத்தைத் திருப்பவும் ஏற்றி இறக்கவும் உதவும் அமைப்புகள் அனைத்தும் செயலிழந்தன. பயணியாக வந்திருந்த பயிற்றுநர் ஒருவர் உதவ முன்வந்தார். தலைமை விமானி ஆல் ஹெய்ன்ஸ் அவரை வரவேற்று, எஞ்சிய இரு இயந்திரங்களின் விசைப்பிடிகளை அவர் கையில் கொடுத்தார். தமக்குப் பல்லாயிரம் மணி நேர அனுபவம் உண்டு என்பது அவருக்கு நினைவில் இல்லாமலா இருக்கும்? சூ நகரில் அவ்விமானம் மோதி உடைந்தது. 112 பேர் இறந்தனர். எனினும் எவரும் பிழைக்க வழியில்லாத அந்நிலையில் 184 பேர் உயிர்தப்பினர்.

மற்றவர் நமக்கு மிக அருகில் நடந்ததொரு நிகழ்ச்சியின் தலைவர். 2010ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் காலை, சிங்கப்பூர் சாங்கியிலிருந்து சிட்னிக்குப் புறப்பட்ட குவாண்டாஸ் ஏ380 விமானத்தில் 469 பேர் இருந்தனர். பாத்தாம் தீவின் மேலே, இடப்பக்க இயந்திரங்களுள் ஒன்று வெடித்துச் சிதறியது. துண்டுகள் இறக்கையைத் துளைத்துத் தீவில் விழுந்தன. விமானியறையின் திரையில் பழுதுச் செய்திகள் மழைபோற் பொழிந்தன. தலைமை விமானி ரிச்சர்ட் டி கிரெஸ்பினி உடனே இறங்க விரையவில்லை. விமானியறையில் அன்று ஐவர் இருந்தனர். விமானத்தைச் சிங்கப்பூருக்கு அருகிலேயே சுற்றவிட்டு, ஏறத்தாழ ஐம்பது நிமிடம், ஒவ்வொரு செய்தியாக எடுத்து ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் எழுந்து, இறக்கையின் நிலையைத் தம் கண்ணாற் காணப் பயணிகள் பகுதிக்குச் சென்றார். அங்கே பயணி ஒருவர் அவரை அணுகினார். இருக்கைத் திரையில் தெரிந்த, வாலில் பொருத்திய ஒளிப்படக் கருவியின் காட்சியைச் சுட்டிக்காட்டினார். இடப்பக்க இறக்கையிலிருந்து ஏதோ நீர்மம் கசிவதுபோல் அதில் தோன்றியது.

அப்பயணியும் அதே நிறுவனத்தின் விமானி என்பதை மறைக்கலாகாது. தாம் காண்பது இன்னதென்று அவர் அறிந்திருந்தார், ஆதலால் வாய்திறந்தார். கெக்வொர்த் பயணிகளுக்கு அத்தகைய பின்புலம் இல்லை. ஆனால் இரண்டுக்கும் இடையே வேறொரு வேறுபாடும் உண்டு. இங்கே விமானியறையிலிருந்து ஒருவர் இறங்கி வந்தார். காண வந்தவரிடம் காட்டுவது எளிது. மூடிய கதவைத் தட்டிச் சொல்வது அரிது. அன்று சாங்கியில் அவ்விமானம் இறங்கியது, ஒருவருக்கும் காயமில்லை.

இவ்வாறெல்லாம் எழுதுகையில், எல்லாரும் எப்போதும் பேசிக்கொண்டிருக்க வேண்டும் என்று யான் வாதிடுவதாக நண்பர் சிலர் எண்ணக்கூடும். ஆசிரியர் அறையில் இதனைப் பேசியபோது, "அப்படியானால் வகுப்பில் ஒழுங்கு என்ன ஆவது ஐயா?" என்று இளம் ஆசிரியர் ஒருவர் கேட்டார். நியாயமான வினா. விமானியறையில் வாக்கெடுப்பு நடப்பதில்லை. ஐவர் இருந்தபோதும் முடிவு ஒருவருடையதே. கண்டதைக் கூறுவது வேறு. முடிவைக் கைப்பற்றுவது வேறு. முன்னதை மறுத்தால் பின்னது குருடாகிறது. இவ்வளவும் அவரிடம் சொன்னேன். ஆனால் என் மனத்தில் இருந்ததை அன்று சொல்லவில்லை, இங்கே சொல்லிவிடுகிறேன்.

பணியில் சேர்ந்த தொடக்க ஆண்டுகளில், தோட்டப்புறப் பள்ளியொன்றில் ஆறாம் ஆண்டு மாணவர்க்குக் கணிதம் கற்பித்துவந்தேன். தேர்வு நெருங்கிய காலம். இரவு 10.45க்குப் புறப்படும் பேருந்து பின்னிரவு 2.20க்குச் சேர்ந்தால் பயண நேரம் எவ்வளவு என்பது கணக்கு. கரும்பலகையில் விளக்கி, 4 மணி 35 நிமிடம் என்று விடை எழுதினேன். 31 பிள்ளைகளும் பார்த்தெழுதினர். மாலையில் ஏடுகளைத் திருத்தும்போது ஒரு மாணவியின் ஏட்டில் அழிப்பானால் தேய்த்த தடம் தெரிந்தது. விளக்கின்கீழ்ச் சாய்த்துப் பார்த்தேன். அவள் முதலில் எழுதியிருந்தது 3 மணி 35 நிமிடம். சரியான விடையை அழித்துவிட்டு, என் விடையை அதன்மேல் அழகாக எழுதியிருந்தாள்.

மறுநாள் அவளை அழைத்து ஏன் அழித்தாய் என்று கேட்டேன். தலை குனிந்து நின்றாள். வற்புறுத்திக் கேட்டபின், "நீங்கள் வேறு மாதிரி எழுதியிருந்தீர்கள் ஐயா" என்றாள். அதற்குமேல் அவளுக்குக் காரணம் தேவைப்படவில்லை. எனக்குத்தான் ஒரு காரணம் நினைவுக்கு வந்தது. அதற்கு முந்திய வாரம் பையன் ஒருவன் எழுந்து, கரும்பலகையில் ஓர் எண் விடுபட்டிருப்பதாகச் சொன்னான். அவன் சொன்னது சரிதான். யான் எண்ணைச் சேர்த்தேன். சேர்த்துக்கொண்டே, "அதிகப்பிரசங்கி, உட்கார்" என்றேன். வகுப்பு சிரித்தது. அந்தச் சிரிப்பை அவளும் கேட்டிருப்பாள்.

இன்றைய என் பள்ளியில், சென்ற தவணையில் சபைகூடலுக்காக எழுதி ஒட்டிய அறிவிப்பில் வல்லின றகரம் வரவேண்டிய இடத்தில் இடையின ரகரத்தை இட்டுவிட்டேன். நான்காம் ஆண்டு மாணவன் ஒருவன் அலுவலக வாயிலில் வந்து நின்றான். உள்ளே வர அவனுக்கு வெகுநேரம் ஆயிற்று. சொல்லும்போது குரல் நடுங்கியது. சொல்லி முடித்ததும் ஓடிவிட எண்ணிக் கதவைப் பார்த்தான். எழுதுகோலை அவன் கையில் கொடுத்து, நீயே திருத்து என்றேன். அவன் திருத்தினான். பக்கத்தில் நின்ற ஆசிரியை ஒருவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், யான் என்ன செய்வேனோ என்று.